பூப்பல் இல்லாத வீடு

ஜூன் 11, புதன்

இன்றும் மழை. ஏலத்தோட்டம் முழுக்கப் பனி இறங்கி, பக்கத்து லயத்து வீட்டு வரிசைகூடத் தெரியவில்லை. விறகு நனைந்து அடுப்பு புகைந்துகொண்டே இருந்தது.

தங்கை சங்கரி சனிக்கிழமை வருகிறாள்! ரத்தப் புற்றுநோய் என்று திருவனந்தபுரத்தில் சேர்த்ததிலிருந்து அம்மாவும் அவளோடு அங்கேதான். அப்பாவுக்குச் சமைக்க ஆள் வேண்டுமென்று நான் பத்தாம் வகுப்போடு நின்றேன். இப்போது சில வாரம் வீட்டில் இருக்கலாமாம். காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு சரியில்லை என்றால், சிகிச்சை முடியும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே அறை எடுத்துத் தங்கச் சொல்வார்களாம்.

அம்மா போனில் சொன்னாள்: "வீட்ல பூப்பல் இருக்கவே கூடாதுன்னு சிஸ்டர் சொல்றாக. பூவத்தான் மலையாளத்துல அப்பிடிச் சொல்றாக போல. ஒரு பூ விடாம வெளிய போட்ரு."

ஜூன் 12

செவ்வந்தித் தொட்டி, சாமி படத்துப் பிளாஸ்டிக் மாலை, எல்லாம் போயாச்சு. வாசல் ரோஜாவை அப்பா வேரோடு பிடுங்கினார். "ஒங்காத்தாளோட பூப்போட்ட சேலைய என்ன செய்ய?" என்றார். அப்பா கிண்டல் பேசி எவ்வளவு நாளாயிற்று!

கட்டிலை அடுப்புக்கு எட்டாமல் பின்சுவர் ஓரம் போட்டோம். சுவர் கறுத்திருந்த இடத்தில் காலண்டர் படங்களை ஒட்டினேன். பளிச்சென்று இருக்கிறது.

ஜூன் 14

வந்துவிட்டாள். தூக்கினால் எடையே இல்லை. முடியில்லாத தலையைப் பார்ப்பதா, வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். "பயப்படாதக்கா. ஈரு பேனு ஒண்ணுங்கெடையாது" என்றாள்.

ஜூன் 20

இருமல். நெற்றி சுட்டது. ஜீப்பில் கொண்டுபோய்விட்டார்கள். நான் எதை விட்டேன்? எந்தப் பூவை?

ஜூன் 24

வீடு வீடாக நோயாளிகளைப் பார்க்க வரும் நர்ஸ் ஷைனி சிஸ்டர், வீட்டைப் பார்க்க வந்தார். உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார். நேரே போய்க் காலண்டர் படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். பின்னால் சுவர் கறுத்து, பஞ்சு பஞ்சாக.

"இதல்லே மோளே பூப்பல்!"

பூசணம். அவர்கள் சொன்னது பூசணத்தை.

பூவையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, இதைப் படம் ஒட்டி மறைத்து, இதன் பக்கத்திலேயே அவளைப் படுக்க வைத்திருக்கிறேன். நான்தான். என் கையால.

"காய்ச்சல் இதுனாலதான்னு ஆரும் உறப்பா சொல்ல முடியாது, கரையண்டா. பட்சே இந்தச் சுவரோட குட்டியைக் கொண்டுவரண்டா" என்றார். அழாதே, ஆனால் இந்தச் சுவர் இப்படி இருக்கும்வரை அவளை இங்கே கொண்டுவராதே என்கிறார்.

சுவருக்குப் பின்னால் மண்மேடு. மழை முடியும்வரை காயாது. அப்பா சொன்னார்: "சூப்பர்வைசர்ட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. மழை கழியட்டும்ங்கிறாரு."

ஜூன் 26

லயத்தின் மேல்கோடி வீடு பூட்டியே கிடக்கிறது. அங்கிருந்தவர்கள் கம்பத்துக்குப் போய்விட்டார்கள். பின்னால் மேடு இல்லை, வெயில் விழும். கேட்டால் தருவார்களா? யார் கேட்பது? அப்பா இனிக் கேட்க மாட்டார். நானா — கடையில் உப்புக் கேட்கவே எனக்குக் குரல் வராது.

ஜூன் 27

கேட்டேன்.

சூப்பர்வைசர் ஜோஸ் சார் ஏலக்காய் ஸ்டோர் வாசலில் நின்றார். சுற்றிலும் ஆட்கள். மேல்கோடி வீட்டுச் சாவி வேண்டும், தங்கச்சிக்கு, என்றேன். "மழ கழியட்டே, நோக்காம்." பார்க்கலாமாம். சரி சார் என்று திரும்பிவிட்டேன். நாலடி நடந்ததும் என்னவோ ஆகிவிட்டது.

"மழை கழியிற வரைக்கும் அவ இருக்கணுமே சார்."

இவ்வளவு சத்தமாகவா சொன்னேன்? எனக்கு மூக்கெல்லாம் ஒழுகி, அசிங்கம். அவர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் சாவியோடு அப்பா வந்தார். "நீயா கேட்ட? நெசமாவா?"

ஜூலை 9

சுண்ணாம்பு அடித்துக் காய்ந்துவிட்டது. சமையல் பழைய வீட்டிலேயே, புகை மேலே வராது. அப்பாவும் தோட்டத்தில் மருந்தடித்த சட்டையை அங்கேயே கழற்றி, குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். ஷைனி சிஸ்டர் ஒவ்வொரு சுவரையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "இனி வரச்சொல்லு" என்றார்.

ஜூலை 12

சங்கரி வந்தாள். ஜன்னல் பக்கம் யாருக்கு என்றாள். எனக்குத்தான் என்றேன். கிள்ளினாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வந்த நாளிலிருந்து அம்மா ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருப்பாள். கண் அசந்தாலும் திடுக்கென்று எழுந்து சங்கரியின் நெற்றியைத் தொடுவாள்.

இன்று வேலைக்குச் சங்கு ஊதியும் அம்மா எழவில்லை. பாயில் காலை நீட்டி, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலில் சங்கரி விழித்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். அவள் நெற்றியைத் தொட்டேன். சுடவில்லை.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, கஞ்சி வைக்கக் கீழே போனேன்.