கொக்குக்குப் போட்ட வெடி

தாயில்பட்டி,
12-9-1964

சிரஞ்சீவி தம்பி சோணைமுத்துவுக்கு அக்கா இருளம்மாள் ஆசீர்வாதம். உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக் கூடாது. ஆனால் இப்போது நீ என் எதிரில் இருந்தால், ராணுவக்காரன் என்றுகூடப் பார்க்காமல் விளக்குமாற்றை எடுத்திருப்பேன்.

கொல்லைக் குட்டையில் மீன் நலமா, கொக்கு இன்னும் வருகிறதா என்று கேட்டிருந்தாய். முள் போட்டும் அடங்காவிட்டால் அத்தானை ஒரு வெடி போடச் சொல் என்றும் எழுதியிருந்தாய். பெரிய யோசனை! உன் அத்தானைத்தான் உனக்குத் தெரியுமே. பட்டாசுக் கம்பெனியிலிருந்து சணல் சுற்றிய பெரிய வெடியாகக் கொண்டுவந்து, திரியைக் கொளுத்திக் கொக்கைப் பார்த்து வீசினார். கொக்கு பறந்துவிட்டது. வெடி குட்டைக்குள் விழுந்து வெடித்தது.

அத்தனை விராலும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கேட்டால், "மாப்பிள்ளைதானே போடச் சொல்லி எழுதுனாரு" என்று என்மேலேயே பாய்கிறார். மத்தியானத்துக்குள் அந்தக் கொக்கு துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வந்து தின்றது.

குருவம்மாள்தான் கம்பெடுத்துக் கொக்குகளை விரட்டினாள். உன் பெண்டாட்டியைத்தான் சொல்கிறேன், பெயர் ஞாபகம் இருக்கிறதா? பங்குனியில் பச்சைப்பிள்ளையைப் புதைத்துவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் ரயிலேறினாய். அதற்குப் பிறகு வந்த கடிதமெல்லாம் எனக்குத்தான். எல்லாவற்றிலும் மீன் விசாரிப்புதான். பிள்ளை பெற்றவள் தின்னட்டும் என்று நீ கொண்டுவந்து விட்ட மீன். அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கருவேல முள் வெட்டி வந்து குட்டையை மூடியது அவள். மீன் ஒளிந்துகொள்ள ஓட்டைப் பானைகளைத் தண்ணீருக்குள் போட்டதும் அவள்தான். வேலை விட்டு வந்தால் கரையிலேயே கிடப்பாள். உனக்கென்ன பைத்தியமா என்று நானே ஏசியிருக்கிறேன்.

நேற்று இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மீன் நல்லா இருக்குன்னே எழுதிருங்க மதினி. அவுக கேக்குறதே அத மட்டுந்தான். செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா இனிமே கடுதாசியே வராது" என்று அழுதாள். அட பாவி, அந்தப் பிள்ளையை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாயே! அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் நீ மீனை விசாரிக்கிறாய் என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

நான் பொய் எழுத மாட்டேன். மீன் எல்லாம் செத்துப்போயிற்று.

இனி எனக்குக் கடிதம் போடாதே. வந்தால் பிரிக்காமல் அடுப்பில் வைப்பேன். அவள் பெயருக்குப் போடு. சாப்பிட்டாயா என்று ஒரு வரி போதும், நான் படித்துக் காட்டுகிறேன். இருளப்பசாமி உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். தபால்காரர் வரும் நேரத்துக்கு அவள் வாசலில் நிற்பாள், தம்பி.

உன் அக்கா,
இருளம்மாள்