குத்தாமல் விட்ட கேள்வி

அக்டோபர் 13, 1996, ஞாயிறு

வாரமெல்லாம் குப்பை வண்டி ஓட்டி முதுகு போயிற்று. என் மனைவி கெயாலாவின் தம்பி நஹோவா தன் வயல் சேம்புக் கூழை ஒரு பையில் கொண்டுவந்தான். பை போன வாரத்தைவிடச் சின்னது.

"இது எனக்கா மச்சான், பூனைக்கா?" என்றேன்.

"நம்ம தீவு ஓடைத் தண்ணியெல்லாம் கரும்புத் தோட்டக்காரன் கால்வாயில போகுது. சேம்பு அழுகுது. மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த மாநாடு கூட்டலாமான்னு ஓட்டுச் சீட்டுல கேக்கப்போறாங்க. ஆமான்னு குத்து மச்சான். நம்ம தண்ணிய அதுல கெட்டியா எழுத வைப்போம்."

அக்டோபர் 22

தொழிற்சங்கத்து ஃபுர்டாடோ வண்டிக் கொட்டகையில் பிடித்துக்கொண்டார். "இல்லைன்னு குத்துப்பா. மாநாடு கூடினா மொத்தச் சட்டத்தையும் பிரிச்சுப் போட்டுடுவாங்க. உன் பென்ஷன் அதுலதான் இருக்கு."

எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருடம். முழங்கால் அதுவரை வருமா என்று அதைத்தான் கேட்கவேண்டும்.

நவம்பர் 5

மற்றதெல்லாம் குத்தினேன். அந்தக் கேள்வியில் கை இரண்டு பக்கமும் போய்ப் போய்த் திரும்பியது. குத்தாமல் விட்டுவிட்டேன். யாருக்கும் கெட்டவனாகவில்லை — கெட்டிக்காரன்தானே நான்?

நவம்பர் 7

ஆமாதான் கொஞ்சம் முன்னால். நஹோவா அக்காவைத் தூக்கிச் சுற்றினான். "எல்லாம் உன் ஓட்டு மச்சான்!"

"பின்ன? ரெண்டு தடவை குத்தினேன்ல" என்றேன். கெயாலா சிரிக்கவில்லை.

டிசம்பர் 15

நஹோவா புதிதாக ஒரு வயல் வெட்டி நட்டுவிட்டான். மாநாடே இன்னும் கூடவில்லையே என்றேன். "சேம்பு விளைய ஒரு வருஷமாகும். அதுக்குள்ள தண்ணி வந்துடும்" என்கிறான்.

மார்ச் 25, 1997

வானொலியில் சொன்னார்கள். குத்தாமல் விட்டதையும் கணக்கில் சேர்க்கவேண்டுமாம், நீதிமன்றத் தீர்ப்பு. சேர்த்தால் ஆமா பாதியைத் தாண்டவில்லை. மாநாடு கிடையாது.

அப்படியானால் நான் குத்தியது 'இல்லை' என்றுதான்! குத்தாமலே!

சாயங்காலம் நஹோவா வந்தான். "இல்லைன்னு குத்தினவன்கிட்டயாவது நேரா சண்டை போடலாம் மச்சான். ஒண்ணுமே குத்தாம வந்தானே, அவன் எதுக்கு அங்க போனான், காத்து வாங்கவா?"

எழுந்துபோய் வானொலியை அணைத்தேன்.

அவன் போனபிறகு கெயாலா பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல், "தம்பியா உன் பென்ஷனான்னு தெரியாம நானும் விட்டுட்டேன்" என்றாள்.

நானும் என்றாள். நான் குத்தாமல் விட்டதை அவளிடம் இன்னும் சொல்லவே இல்லையே.

மார்ச் 29, சனி

நானும் கெயாலாவும் நஹோவா வயலுக்குப் போனோம். புதிதாக நட்டதில் அழுகியதையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"கூப்பிட்டாக்கூட வராத ஆளு, என்ன மச்சான் திடீர்னு?"

"முழங்காலுக்குச் சேறு நல்லதாம்."

மூன்று பேரும் இருட்டும்வரை பிடுங்கினோம். கிளம்பும்போது கூழ்ப் பையை நீட்டினான். இன்னும் சின்னதாகிவிட்டது. பூனையை இழுக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.