ஹுல்டா கொண்டுவந்த பாத்திரம்

நெப்ராஸ்கா, அக்டோபர் 1960

அன்புள்ள ரோலண்டுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம், நீ முழுசாக இருக்கிறாய் என்று உன் வாயாலேயே போனில் கேட்ட பிறகும் எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை உங்கள் ராக்கெட் மேலே போய் வெடித்த செய்தியை ரேடியோவில் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, பக்கத்துப் பண்ணை ஹுல்டா கறியும் உருளைக்கிழங்கும் சுட்டு, மூடி போட்ட பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றாள். நம் ஊரில் சாவு விழுந்த வீட்டுக்குத்தானே அப்படிக் கொண்டுவருவார்கள்! மனசைத் தேத்திக்கோ வெர்னா என்று கட்டிப்பிடித்து அழுகிறாள், நீ அந்த ராக்கெட்டில் இருந்தாய் என்றே நானும் நம்பிவிட்டேன். அப்பா கொட்டகையிலிருந்து ஓடிவந்து, அட அதுல ஆளே இல்லம்மா, வெறும் சோதனை என்று சத்தம் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஹுல்டாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. சரி, பாத்திரம் இங்கயே இருக்கட்டும், எப்ப தேவைப்படுமோ என்று உளறிவிட்டுப் போனாள், பைத்தியக்காரி.

அப்புறம் பேப்பரில் உங்கள் படம் வந்தது. கடலிலிருந்து பொறுக்கிய உடைந்த தகடுகளைச் சுற்றி நிற்கிறீர்கள், கூட்டாளிகள் எல்லாம் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, நீ மட்டும் குனிந்து ஒரு தகட்டில் விரலை ஓட்டிக்கொண்டிருக்கிறாய். அது என் கை மாதிரியே இருக்குடி என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை நீ அவரிடம் பேசியபோது நானும் ரிசீவரில் காதை வைத்துக் கேட்டேன். நீ ஏறப்போகும் ராக்கெட்டிலும், வெடித்ததில் உடைந்த அதே இடத்தில் தகடு மெலிசாகப் படுகிறது, என்ஜினியர்கள் எல்லாம் சரி என்கிறார்கள், வாயைத் திறந்தால் உன் முறை வேறொருவனுக்குப் போய்விடும் என்றாய். பாத்துக்கோப்பா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார் மனுஷர். எனக்கு வந்ததே கோபம்!

அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். நீ சின்னப் பையன், பயிரைப் பூச்சி தின்று தீர்த்த வாரம், மருந்து தெளிக்க ஊரே அப்பாவின் விமானத்துக்குக் காத்திருந்தது. அவர் வழக்கம்போல் கையுறையைக் கழற்றிவிட்டு இறக்கையைத் தடவிப் பார்த்தார், ஏதோ சரியில்லை, இன்னைக்குப் பறக்கமாட்டேன் என்று வந்துவிட்டார். என்ன எமில், அடைகாக்க உக்காந்துட்டியா என்று தீவனக் கடையில் ஒரு மாதம் சிரித்தார்கள். பிரித்துப் பார்த்ததில் ஒரு குறையும் கிடைக்கவில்லை, பாதி வாடிக்கையும் போயிற்று. ஆனால் அன்று ராத்திரி அவர் உயிரோடு என் எதிரில் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். எனக்கு அதுதான் கணக்கு.

வருகிற புதன்கிழமை என்ஜினியர்களோடு நடக்கும் கூட்டத்தில் எழுந்து அந்தத் தகட்டைப் பற்றிச் சொல்லிவிடு கண்ணா. சிரித்தால் சிரிக்கட்டும், முறை போனால் போகட்டும். சொல்லாமல் நைசாக ஒதுங்கியும் கொள்ளாதே, உன் இடத்தில் ஏறுகிறவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது ரோலண்ட், வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, அந்த ஊர் வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. கர்த்தர் உன்னைக் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஹுல்டாவின் பாத்திரத்தைக் கழுவி, வெறுமனே கொடுக்கக்கூடாதே என்று ஆப்பிள் பை பலகாரம் சுட்டு வைத்து, இன்று காலை நானே கொண்டுபோய் அவள் அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அது மறுபடி என் வாசலுக்கு வராமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

உன் அம்மா,
வெர்னா