எல்லாரும் தங்கமானவங்க

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலும் என் பொறுமையும் நீங்கலாக இங்கே யாவும் சுகம். ஆக்லாந்தில் உன் பித்தப்பையைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். அடுத்த மாதம்தானே ஆபரேஷன், அதனால் இதைக் கவனமாகப் படி. இதில் வருகிறவர்களின் பேரை மாற்றித்தான் எழுதுகிறேன், நீ கண்டுபிடித்துவிடுவாய், தயவுசெய்து கண்டுபிடிக்காதே. என் வேலைதான் உனக்குத் தெரியுமே, எங்கள் ஆஸ்பத்திரியில் யார் இறந்தாலும், அவருக்கு வைத்தியமே பார்க்காத இன்னொரு டாக்டர் உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் படித்த பிறகுதான் இறப்புச் சான்றிதழ் போகும். அந்த டாக்டர் லோமாக்ஸுக்காக வீட்டாருக்குப் போன் போட்டு, சிகிச்சையில் ஏதாவது மனக்குறை உண்டா என்று கேட்பது நான். இந்த லங்காஷயர் ஜனங்களிடம் குறை கேட்பதைவிடக் கல்லில் நார் உரிக்கலாம். என்னையே எடுத்துக்கொள், போன மாதம் சூப்பில் முடி கிடந்தது, அருமையா இருந்துச்சுன்னு சொல்லி டிப்ஸும் வைத்துவிட்டு வந்த கழுதை நான்.

செவ்வாய்க்கிழமை மிஸஸ் ஹாக்ஸ்வொர்த்துக்குப் போன் செய்தேன், எண்பத்தொரு வயது, கணவர் க்ளிஃப் நுரையீரல் நோயோடு எங்கள் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்து தூக்கத்திலேயே போய்விட்டார். நாற்பது நிமிஷம் ஹெஸ்டர்! எல்லாரும் தங்கமானவங்க கண்ணு, ஒரு குறையும் இல்லன்னு நாலு தடவை. வார்டுக்கு ஒரு டப்பா டாஃபி வாங்கி வச்சிருக்கேன், நீயே கொண்டுபோய்க் குடுத்துடுறியான்னு ஒரு தடவை. நான் போனை வைக்கப் போகும்போது சிரித்துக்கொண்டே சொல்கிறாள், கடைசி நாள் முதுகுல ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க, உன்னைப் பார்சல்ல அனுப்பப் போறாங்கடா கிழவான்னு கிண்டல் பண்ணேன், கண்ணத் திறக்கவே இல்ல, அவ்வளவு தூக்கம். அது வலிக்கான மருந்து பேட்ச், மூன்று நாளுக்கு ஒன்று, புதியதை ஒட்டும்போது பழையதை உரித்துவிட வேண்டும். ரெண்டு இருந்தால் மூச்சு மந்தமாகிவிடும். இதை எழுதிக்கொள்கிறேன் என்றேன், ஐயோ வேண்டாம்மா, அந்த நர்ஸ் பொண்ணுக்கு வேலை போயிடும், நான் புகாரா குடுத்தேன், சும்மா பேசிட்டிருந்தேன் என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டர் லோமாக்ஸ் குறிப்பேட்டைப் புரட்டினார், ஒட்டியதற்குக் கையெழுத்து இருக்கிறது, உரித்ததற்கான கட்டம் காலி. அதனால்தான் இறந்தாரா என்பது அவருக்கே தெரியாது, அதனால் மரண விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டார். சான்றிதழ் நின்றது, வெள்ளிக்கிழமை சவ அடக்கமும் நின்றது. அதைச் சொல்லவும் இளிச்சவாய் நான்தான். கிழவி பொரிந்து தள்ளிவிட்டாள், அடக்கம் முடிஞ்சு சாப்பிட அறுபது பேருக்குப் பன்னிக்கறி ஹாம் சொல்லியாச்சு, பித்தளை வாத்தியக்காரங்க போல்டன்லேருந்து வர்றாங்க, ஸ்டிக்கரப் பத்தி வாயத் தொறந்தது என் புத்தி, நீ மனுஷியாடி என்றாள். உன் அப்பாவும் சாப்பாட்டு மேஜையில், செத்தவர் திரும்பி வரப்போறாரா, பாவம் அந்தம்மாவ விடேன் என்கிறார். ரெண்டு நாள் எனக்கு டோஸ்ட்கூட இறங்கவில்லை.

நேற்று மிஸஸ் ஹாக்ஸ்வொர்த்தை மறுபடி கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். விஷயம் தெரிந்த அன்றைக்கே வார்டின் தலைமை நர்ஸ் எல்லா நோயாளிகளின் முதுகையும் திருப்பிப் பார்த்திருக்கிறாள், இன்னொரு தாத்தாவுக்கும் ரெண்டு பேட்ச். உரித்தார்கள், இப்போது எழுந்து உட்கார்ந்து கஸ்டர்ட் கட்டி தட்டியிருக்கிறது என்று எல்லாரையும் திட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு ஆள் மேல் பழி போட இல்லை, அந்தக் கட்டம் காலியாக இருந்தால் இனி யாராவது கேட்பார்கள், அதற்குத்தான் இது என்றேன். அந்தத் தாத்தாவுக்குப் பொண்டாட்டி இருக்காளா என்று கேட்டாள். சொல்லக்கூடாது, இருந்தும் உம் என்றேன். சரி, ஹாம ஃப்ரீஸர்ல போடச் சொல்றேன் என்றாள். பிறகு, எழுதிக்கோ கண்ணு, என் க்ளிஃப் சரியா மூச்சு விடலன்னு நான் நர்ஸ்கிட்ட ரெண்டு தடவை போய்ச் சொன்னேன், தூங்கட்டும்னு சொல்லிட்டாங்க, நானும் தேங்க்ஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன் என்றாள். அவள் சொன்னபடியே எழுதினேன்.

அதனால்தான் மகளே, ஆஸ்பத்திரியில் மரியாதை பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதே. வலித்தால் வலிக்கிறது என்று சொல், அவர்கள் காதில் விழவில்லையென்றால் கத்து, உடம்பில் எதை ஒட்டினாலும் எண்ணு. கடவுள் உன்னைக் காப்பாற்றுவார், இருந்தாலும் நீயும் கேள்வி கேள்.

நீ மரியாதை கெட்டவளாக நூறு வருஷம் வாழ வேண்டும் என்று விரும்பும்,
உன் அம்மா
வினிஃப்ரெட்