டெஸ்ட் ஃபோல்டரில் இருக்கும் அப்பாவுக்கு

வெளிச்சம் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டால், வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து உட்காரும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. பேஹாலா வீட்டில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். நான் இன்னும் சால்ட் லேக் ஆபீசுக்குத்தான் போய்வருகிறேன். கேமராவை நம்பி வேலையை விட்டுவிடவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் நேற்று, முதல்முறையாக, காசு வாங்கிக்கொண்டு ஒருவரைப் படம் எடுத்தேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? நான் ஏன் இப்படிக் குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்?

உங்களுக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதினாறாம் நாளுக்கு மாலை போட வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. மகள் நாலு வருடமாகக் கேமராவும் கையுமாகத் திரிகிறாள், அப்பாவுக்கு ஒரு படம் இல்லை. கடைசியில் கிடர்பூரில் நீங்கள் வேலை பார்த்தபோது வாங்கிய அடையாள அட்டையைத் தெருமுனை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். தோள்பக்கம் விழுந்திருந்த முத்திரையை அழிக்கிறேன் என்று உங்கள் இடது காதையும் பாதி அழித்துவிட்டார் ஸ்டூடியோக்காரர். வந்தவர்கள் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை.

எடுக்காமல் இல்லை அப்பா, அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை பழகிக்கொள்வதற்காக அக்கம்பக்கத்தாரைச் சும்மா எடுத்துக் கொடுப்பேன் அல்லவா? அவர்கள் வருவதற்கு முன்னால் ஜன்னலோர நாற்காலியில் உங்களைத்தான் உட்காரவைப்பேன். வெளிச்சம் சரியாகும்வரை நாற்பது ஐம்பது எடுப்பேன். சரியானதும் உங்களை எழுப்பிவிட்டு அவர்களை உட்காரவைப்பேன். உங்கள் படங்களெல்லாம் 'டெஸ்ட்' என்ற ஃபோல்டருக்குப் போகும். கார்டில் இடம் போதாதபோது முதலில் அழிப்பதும் அதைத்தான்.

மிச்சம் இருந்ததை அம்மாவிடம் காட்டினேன். பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏட்டி, அப்பா எதுலயாவது வாய மூடியிருக்காவளா?"

இல்லை. எல்லாவற்றிலும் "போதுமாளா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

போன வாரம் மூன்றாம் மாடி வங்காளிப் பெரியப்பா, நம் ஜேட்டு, வந்தார். உங்களோடு சாயங்காலம் கேரம் ஆடுவாரே, அவர்தான். தன்னை ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். மகனுக்கு அனுப்பவா என்று கேட்டேன். இல்லையாம், அவருடைய ஸ்ராத்தத்துக்காம். நாற்காலியில் வைத்து ரஜனிகந்தாப் பூ மாலை போடுவார்களே, அந்தப் படம். "உங்க அப்பாவுக்கு ஆன மாதிரி எனக்கு ஆகக் கூடாதும்மா" என்று வங்காளத்தில் சர்வசாதாரணமாகச் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, உண்மைதானே?

காசு வேண்டாம் என்றேன். "டாக்கா நிதேயி ஹோபே" என்று நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். காசை வாங்கித்தான் ஆக வேண்டுமாம்.

"உங்ககிட்ட போய் எப்படி ஜேட்டு வாங்குவேன்?"

"சும்மா எடுத்தா நீ எதக் குடுத்தாலும் ஆஹான்னு சொல்லிட்டுப் போகணும். காசு குடுத்தாத்தான், இது சரியில்ல, இன்னொண்ணு எடுன்னு எனக்கு வாய் வரும்."

நாலு வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. பூஜைப் பந்தலிலும் கல்யாண வீட்டிலும் "நம்ம பொண்ணுதானே" என்று கையில் ஒரு சந்தேஷ் இனிப்பைக் கொடுத்து அனுப்பியவர்கள்தான் எல்லோரும். முதல்முதலாக ஒருவர் என்ன ரேட் என்று கேட்கிறார், அதுவும் சாவுக்கு மாட்டுகிற படத்துக்கு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "வாங்கிக்கோட்டி, அவருக்கு அது நிம்மதின்னா" என்றாள் அம்மா.

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கஞ்சி போட்ட பஞ்சாபி ஜிப்பாவில் வந்து நின்றார். ஸ்டாண்டில் கேமராவை மாட்டிவிட்டு, பழக்கத்தில், "அப்பா, கொஞ்சம் வந்து இருங்கப்பா" என்று உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டேவிட்டேன். அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. ஜேட்டு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வெளிச்சம் பார்க்காமலே எடுக்கத் தொடங்கினேன்.

மூன்று முறை திருப்பி எடுக்கச் சொன்னார். கழுத்து சரியில்லை என்றார், சட்டைக் காலர் தூக்கியிருக்கிறது என்றார். காசு கொடுத்தவருக்கு என்ன அதிகாரம் என்று உள்ளுக்குள் பல்லைக் கடித்தேன். ஆனால் நாலாவது படம் நிஜமாகவே நன்றாக வந்தது. அவரும் தலையாட்டினார். நான் கேமராவை மூடப் போனேன்.

"இரு. அது அவங்களுக்கு. இப்ப எனக்கு ஒண்ணு எடு" என்றார். கழுத்துப் பித்தானைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிப் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். "இத யாரும் மாலை போட்டு மாட்ட வேண்டாம். உயிரோட இருக்கறவரைக்கும் நான் பாக்கறதுக்கு."

எடுத்தேன். ஃபோகஸ் தவறி மூன்று படம் வீணாயிற்று. ஏன் தவறியது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா?

பூஜைக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை, வரன் பார்க்கப் படம் வேண்டும் என்று வந்த கீழ்வீட்டுப் பெண் போன பிறகு, நீங்களே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். "ஏளா, எனக்கு ஒண்ணு எடேன். சும்மா, எனக்குத்தான்" என்றீர்கள். "லைட்டு போயிட்டுப்பா, அடுத்த வாரம் பாப்போம்" என்று சொன்னேன். லைட் போகவில்லை அப்பா. ஜன்னல் முழுக்க வெயில் இருந்தது. எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வாரம் எனக்கு மறந்துவிட்டது. நீங்களும் திருப்பிக் கேட்கவில்லை. காசு கொடுத்திருந்தால் கேட்டிருப்பீர்களா?

ஜேட்டு கொடுத்த கவரை அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். இந்தக் கட்டடத்திலேயே இன்னும் இரண்டு பெரியவர்கள் இதே மாதிரிப் படத்துக்கு ரேட் கேட்டுவிட்டார்கள். நான் ஆசைப்பட்ட வேலை இப்படியா வந்து சேர வேண்டும்? உங்களுக்குச் செய்யாததை ஊருக்கெல்லாம் செய்து சம்பாதிப்பது சரியா தப்பா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. எடுக்கத்தான் போகிறேன் என்று மட்டும் தெரிகிறது.

ஆனால் ஒரு வாக்கு. இனிமேல் யார் என் முன்னால் உட்கார்ந்தாலும், கேட்ட படத்தை எடுத்து முடித்தபின், "உங்களுக்கு ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று நானாகக் கேட்பேன். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் கேட்பேன். அவர்கள் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன் அப்பா.

அடுத்த வாரம் என்று சொன்ன உங்கள் மகள்,
கோமதி