வீட்டில் பிடித்த இடுப்பு

என்னங்க,

அங்கே எல்லாரும் சுகம்தானே? நான் நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் தேவைப்படுகிறது.

ஹோட்டலில் எங்கள் மாடிக்கு இப்போது பெரிய மரியாதை. இந்த வருடம் யாருக்கும் வேலையில் அடிபடவில்லை என்று கேடயம் தரப்போகிறார்கள். அந்த நேரம் பார்த்து, மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருகும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இடுப்புக்கு நேரம் காலம் தெரியவில்லை.

சூப்பர்வைசர் அக்கா ஓடி வந்தார். "வீட்டுல புள்ளையத் தூக்குனப்போ புடிச்சிடுச்சுன்னு சொல்லிடும்மா. உன் ஒருத்தியால எல்லாருக்கும் கேடயம் போயிடும்."

கூட வேலை செய்கிறவள் சிரித்தாள். "குடுத்துவெச்ச இடுப்புடி உன்னுது. மேனேஜரே வந்து விசாரிக்கிறாரு!"

நானும் அக்கா சொன்னபடியே மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் பிடித்த இடுப்புக்கு ஹோட்டல் வைத்தியம் பார்க்காதாம். மேனேஜர் மிகவும் வருத்தப்பட்டார். "கொழந்தைய அதிகம் தூக்காதம்மா" என்று அறிவுரையும் சொன்னார்.

குழந்தை உங்களிடம் வளர்வது அவருக்குத் தெரியாது. நான் அவளைத் தூக்கி ஒரு வருடமாகிறது. செய்யாத குற்றத்தை அவள் தலையில் கட்டிவிட்டு வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நாளைக் காலை மேனேஜரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன்.

வேலை போனால் அங்கேதான் வருவேன். அவள் ஓடி வந்து கையை நீட்டினால், நீங்களே தூக்கி என் முகத்துக்கு நேரே பிடியுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி