சோக் இழுக்கத் தெரியாதவன்

தூத்துக்குடி
28.12.76

அன்பு மகன் கிளாட்வினுக்கு, பனிமயத் தாயின் காவல் உன்மேல் இருக்க அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் அனுப்பப்போகிற கடிதத்தில் பொய் எதற்கு. உடம்புக்கு எல்லாரும் சுகம், மனசுக்கு இல்லை. நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் துணிமணி வந்து சேர்ந்தது, பம்பாயில் ஹோட்டல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், கப்பல் பட்டறையில் வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்காதே. அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், பிலோமி சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்திருக்கிறாள், அவர்கள் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

உன் தங்கைக்கு மாதம் நிறைந்துவிட்டது. கால் இரண்டும் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். பாளையங்கோட்டை டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும், முதல் பிள்ளை போன விதத்தைப் பார்த்தால் இதை ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் வந்து படுத்துவிடு, அதற்கு முன்னால் வலி கண்டால் வீட்டில் வைத்துக்கொண்டு கஷாயம் கிஷாயம் என்று நேரம் போக்காமல் ஓடி வா என்றார்கள். மாப்பிள்ளை ரோச், தோணியில் மாலத்தீவு போனவர், தை பிறப்பதற்கு முன் திரும்ப மாட்டார். ஆக அவளைக் கொண்டுசேர்க்க வேண்டியவன் நான், சேர்க்க வேண்டியது இந்த அம்பாசிடர். அந்த வருஷம் மாதா திருநாள் கூட்டத்தில் ஒரு டாக்சி கிடைக்காமல் நான் தெருத்தெருவாக ஓடினதும், கிடைத்தபோது பிள்ளை வயிற்றிலேயே அடங்கிப்போனதும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இனி என் மகள் எவன் வண்டிக்கும் காத்திருக்கக் கூடாது என்றுதானே ரிட்டையரான கையோடு இதை வாங்கினேன். அந்த வண்டிதான் இப்போது காலையில் கிளம்ப மாட்டேன் என்கிறது.

நீ எழுதியபடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். விடியற்காலை சாவியைத் திருப்பினால் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. ஹேண்டில் போட்டுச் சுற்றினாலும் ஒரு தும்மல், அவ்வளவுதான். வெயில் ஏறிவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஒரே திருப்பில் கிளம்பும், பிறகு நாள் முழுக்கத் தொந்தரவு இல்லை. மெக்கானிக் அற்புதமணி காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் பட்டறையை விட்டு இறங்குவான், அவன் வருகிற நேரத்துக்கு இது சமர்த்தாகக் கிளம்பிவிடும், அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பான். பிளக் மாற்றினோம், பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தோம், புது பேட்டரியும் போட்டாயிற்று. காலைக் குளிரில் இன்ஜின் பிடிக்கச் சோக் குமிழை முழுக்க இழுக்கிறீர்களா, அல்லது இழுக்காமல் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கிறீர்களா என்று நீ கேட்டிருந்தாய் பார், அதைப் பிலோமி உரக்க வாசித்தபோது உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏலே, நீ பிறக்கும் முன்பே துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டினவன் நான். வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பலுக்கு எத்தனை காற்றிலும் ஆள் ஏற்றிப் போயிருக்கிறேன், இந்தச் சிலுவைக்கு இன்ஜின் கிளப்பத் தெரியாது என்று இந்த ஊரில் எவனும் சொன்னதில்லை. லாஞ்சில் டீசல், அதில் பிளக்கும் கிடையாது பொறியும் கிடையாது, பெட்ரோல் வண்டியின் கரண்ட் சமாச்சாரம் எனக்குப் புதிது, அது வாஸ்தவம். ஆனால் சோக் இழுக்கத் தெரியும்.

கோபத்தை விடு, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என்னோடு துறைமுக ஆபீசில் வேலை பார்த்த சாரங்கபாணி தன் அறுபதாம் கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். வலி கண்டால் டீக்கடை மரியான் தன் மச்சான் வண்டியை அனுப்புவதாகச் சொன்ன தைரியத்தில் ஆழ்வார்திருநகரி போய் ஓர் இரவு தங்கினேன். வண்டியை ஆற்றங்கரைப் பக்கம் திறந்த வெளியில் நிறுத்தியிருந்தேன், காலையில் பார்த்தால் பனி பெய்து கூரையெல்லாம் சொட்டுகிறது, இன்றைக்கு இங்கேயே கிடந்து சாக வேண்டியதுதான் என்று சாவியைத் திருப்பினேன், முதல் திருப்பிலேயே பிடித்துவிட்டது. குளிர்தான் காரணம் என்றால் அங்கே அல்லவா மக்கர் பண்ணியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கொட்டகையில் நிறுத்தின மறுநாள் பழைய கதைதான். அப்போதுதான் எனக்குள் ஒரு பயம் வந்தது. வண்டியில் கோளாறு இல்லை, நம் வீட்டில்தான் ஏதோ இருக்கிறது. உப்புக்காற்றாக இருக்குமோ என்று தார்ப்பாய் போட்டு மூடினேன், பலிக்கவில்லை. மரியான், எவனோ வேண்டாதவன் வந்து கை வைக்கான் அண்ணாச்சி, மறைஞ்சிருந்து பாரும் என்றான். ஊரில் எனக்கு வேண்டாதவன் யார் என்று யோசித்தால் நாலைந்து பேர் வரத்தான் செய்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் செபமாலை முடிந்ததும் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்பக்கமாக வந்து, வண்டியின் பின்சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டேன். கையில் ஸ்பானர் வைத்திருந்தேன், எவன் வந்தாலும் மண்டையைப் பிளக்கிற ஆத்திரம். சற்று நேரத்தில் தார்ப்பாய் விலகியது, பானட் திறந்தது. எழுந்து பார்த்தால் உன் அம்மா. பானட்டைத் திறக்க எப்போது கற்றுக்கொண்டாளோ தெரியாது. ஒரு கையில் தீர்த்தப் போத்தல், மறு கையில் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொண்டுவந்த ஓலை. ஓலையை நனைத்து நனைத்து இன்ஜின் மேல் தாராளமாகத் தெளிக்கிறாள், சிலுவை போடுகிறாள், அவள் அப்பா பாஸ்கல் தாத்தா சலாபக் காலத்தில் முத்துக் குளிக்க வல்லம் இறக்கும்போது படகு மூக்கான அணியத்தில் தீர்த்தம் தெளித்துச் சொல்வாரே, முன்னே போகிற மூக்கைக் காத்துத் தாரும் தாயே என்று, அதையே சொல்லுகிறாள். சொல்லிவிட்டு என் பிள்ளையை வழியில விட்டுராத என்று இன்ஜினைத் தொட்டு முத்தமிட்டாள். ஸ்பானரை மெல்லக் கீழே வைத்தேன். அவள் போனபின் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்து அனுப்புகிற அந்தக் கறுப்பு மூடி, டிஸ்டிரிபியூட்டர் என்கிறீர்களே, அதன் மேலும் வயர்கள் மேலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கடற்காற்றின் உப்பு என்று இத்தனை நாளும் நான் தள்ளிவிட்ட வெள்ளைதான். நம் பங்குச் சாமியார் பழைய முறைப்படி உப்பை மந்திரித்துப் போட்டுத்தான் தீர்த்தம் செய்வார், அது உனக்குத் தெரியும். இவள் சாயங்காலம் தெளிக்கிற தண்ணீரை அந்த உப்பு விடியும்வரை காயவிடுவதில்லை, கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே ஒழுகிவிடுகிறது, வெயில் வந்து காய்ந்ததும் சரியாகிவிடுகிறது, ஆழ்வார்திருநகரியில் தெளிக்க ஆளில்லாததால்தான் பிடித்தது. வல்லத்துக்கு உப்புத் தண்ணீர் என்ன செய்யும், இதற்கு அதுவே எமன்.

நல்ல தண்ணீரில் துணியை நனைத்து எல்லாவற்றையும் துடைத்து, காயவும் துடைத்தேன். இன்று காலை ஒரே திருப்பு. சந்தோஷப்படலாம் என்றால், நேற்று கூடுதலாகத் தெளித்தேன், அதான் மாதா கண் திறந்துட்டா என்று உன் அம்மா என்னிடம் ரகசியம் சொல்லுகிறாள். இனி புறப்படும் நேரத்திலும் தெளிப்பாளாம். தினமும் அவளுக்குத் தெரியாமல் துடைத்து வைக்கலாம், ஆனால் வலி கண்டு பிலோமியை ஏற்றின பிறகு, சாவியைத் திருப்பும் முன் இவள் போத்தலோடு வந்து நின்றால் நான் என்ன செய்வேன். சொல்லாமல் தீராது. சொன்னால் தாங்குவாளா என்று தெரியவில்லை. உன் பதில் வருவதற்குள் காரியம் எப்படியும் முடிந்துவிடும், ஆனாலும் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை மகனே. கதவு சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

பாளையங்கோட்டை
31.12.76

தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன், மிச்சத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் நல்ல சேதி, உனக்கு மருமகள் பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்கள். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

அன்று சாயங்காலமே அம்மா போத்தலோடு கொட்டகைக்கு வந்தபோது சொல்லிவிட்டேன். முதலில் கோபப்பட்டாள், தீர்த்தத்துல தீங்கு வருமா, வாயைக் கழுவும் என்றாள். மெட்டில்டா, தீர்த்தத்தில் தீங்கில்லை, உப்பில்தான் கரண்ட் ஒழுகுது என்று, இன்ஜின் மூலையில் துணி எட்டாமல் விட்டிருந்த வெள்ளையைக் காட்டினேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த விடியக்காலைகள்ல புள்ளைக்கு வலி வந்திருந்தா என்ன ஆயிருக்கும் என்று கேட்டாள். என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, பிலோமிக்கு மட்டும் இது தெரியக்கூடாது, ஒண்ணைப் பறிகொடுத்தவ, அடுத்ததையும் பெத்த தாயே கெடுக்கப் பார்த்தான்னு அவ நெஞ்சுல விழுந்தா நான் எப்படி அவ முகத்துல முழிப்பேன் என்று அழுதாள். தெரியாது என்று சத்தியம் செய்தேன்.

நேற்று விடியுமுன் வலி கண்டது. பிலோமியைத் தாங்கிக்கொண்டுவந்து பின்சீட்டில் படுக்க வைத்தோம். நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தபோது பார்க்கிறேன், உன் அம்மா போத்தலும் கையுமாகப் பானட்டுக்கு முன்னால் நிற்கிறாள். கை பாதி உயர்ந்து அப்படியே நின்றுவிட்டது. தெளிக்கவும் முடியவில்லை, தெளிக்காமல் மகளை அனுப்பவும் முடியவில்லை, பின்னால் பிலோமி வலியில் முனகுகிறாள். தலையை வெளியே நீட்டி, ஏளா, உன் அப்பா அணியத்துக்கு மட்டுமா தெளித்தார், சுக்கான் பிடிக்கிறவனுக்குத் தெளிக்க மாட்டாரா, இங்க கொண்டுவா என்றேன். ஓடி வந்தாள். ஓலையை எல்லாம் தேடவில்லை, போத்தலை அப்படியே என் தலையில் கவிழ்த்துவிட்டாள். சோக்கை இழுத்தேன், திருப்பினேன், பிடித்துக்கொண்டது. வாகைக்குளம், வல்லநாடு எல்லாம் எப்படிக் கடந்தேன் என்று கேட்காதே, கண்ணெல்லாம் உப்புத் தண்ணீர், வழி நெடுக உன் அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்கள். அதைக் கேட்ட அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

மயக்கம் தெளிந்து பிலோமி கேட்ட முதல் கேள்வி பிள்ளையைப் பற்றி, இரண்டாவது, தினமும் அடம் பிடிக்கிற வண்டி எப்படிப்பா ஒரே திருப்புல கிளம்புச்சு என்று. உன் அம்மா பிள்ளைத் துணியை மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். கோளாறு வண்டியில் இல்லை தாயி, எனக்குத்தான் சோக் இழுக்கத் தெரியவில்லை, உன் அண்ணன் எழுதினதுதான் சரி என்றேன். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். பார்க்க வந்த மரியானிடமும் அதையே சொன்னேன், அவன் இந்நேரம் அற்புதமணிக்கும் துறைமுகத்துக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பான். சொல்லட்டும்.

பிள்ளைக்கு விக்டோரியா என்று பெயர் வைக்கலாம் என்கிறாள் அம்மா, மாப்பிள்ளை வந்து சொல்லட்டும் என்று வைத்திருக்கிறோம். ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தகப்பனாக நின்று தலைதொட வேண்டும், லீவுக்கு இப்போதே சொல்லி வை. தாயும் சேசுவும் உன் கூடவே இருக்கட்டும், புது வருஷம் உனக்கு நல்லதாக விடியட்டும். ஒரே ஒரு காரியம் மட்டும் மறக்காதே. வீட்டுக்கு நீ எழுதுகிற கடிதத்தை வழக்கம்போல் பிலோமிதான் அம்மாவுக்கு உரக்க வாசிப்பாள். அதில் முதல் வரியிலேயே, நான் அப்போதே சொன்னேனே அப்பா, சோக்கை ஒழுங்காக இழுக்கத் தெரியாதவருக்கு எதற்கு வண்டி என்று என்னை நன்றாகத் திட்டி எழுது. அம்மா காதில் அது விழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சோக் இழுக்கத் தெரியாத சிலுவை